அப்பாவால் பஸ்ஸில் ஏற முடியவில்லை

என் அப்பா அரசு பஸ் டிரைவராக இருந்தவர். ரிடையர் ஆகும்வரை பெரும்பாலும் வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூர் போகும் வண்டியைத்தான் ஓட்டினார். வேலையில் இருந்த காலத்தில் அவர் உடம்புக்கு முடியாமல் படுத்து நான் பார்த்ததில்லை. காய்ச்சல் வந்தால்கூட ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போய்விடுவார். அதிகம் பேச மாட்டார், கோபப்படவும் மாட்டார். சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது.

கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அதனால் கல்யாணத்துக்குப் பிறகும் நான் அப்பா அம்மாவோடுதான் இருக்கிறேன். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ரிடையர் ஆன பிறகு, குத்தகைக்கு விட்டிருந்த எங்கள் நிலத்தை அப்பா திருப்பி வாங்கித் தானே சாகுபடி செய்ய ஆரம்பித்தார். முதல் வருஷம் நன்றாகத்தான் இருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவார்.

அடுத்த வருஷம் ஆவணியில் தஞ்சாவூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். அம்மாபேட்டை தாண்டியதும் அப்பா திடீரென்று எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய், கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொன்னார். என்னவென்று கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார். இறங்கி, வாய்க்கால் மதகுக்கட்டையில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் விசிறினாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க போங்க, நான் வீட்டுக்குப் போறேன்" என்றார். எப்படிப் போவீர்கள் என்று கேட்டால் நடந்தே போகிறேன் என்கிறார். அத்தனை கிலோமீட்டர் எப்படி நடப்பது? கடைசியில் அந்தப் பக்கமாக பைக்கில் வந்த சொந்தக்காரர் ஒருவர் அவரைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப்போனார். நானும் அம்மாவும் மொய் எழுதிவிட்டு சாப்பிடாமல் திரும்பினோம். அப்போது நாங்கள் வயிற்றுக் கோளாறு என்றுதான் நம்பினோம்.

அதற்குப் பிறகு அவர் பஸ்ஸில் ஏறவில்லை. கொரடாச்சேரி பேங்குக்குக்கூட சைக்கிளில் போனார். பத்திரிகை வைக்க யாராவது வந்தால், "அவங்க வருவாங்க" என்று அம்மாவைக் காட்டிவிடுவார். கொஞ்ச நாளில் சைக்கிளையும் விட்டார். டீக்கடைக்குப் போவது நின்றது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஷேவ் செய்கிறவர், தாடியோடு உட்கார்ந்திருந்தார். நாற்று விட வேண்டிய நேரத்தில் அம்மாதான் ஆளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஒரு காலையில் கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். "படபடன்னு அடிக்குது. மூச்சு உள்ள போக மாட்டேங்குது." கை ஐஸாகச் சில்லிட்டிருந்தது. ஆட்டோ பிடித்துத் திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஈசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். வெளியே பெஞ்சில் அம்மா தாலியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒண்ணுமே இல்லீங்க. எல்லாம் நார்மல். கேஸ்தான். டென்ஷன் ஆகாம இருங்க."

அம்மாவுக்கு உயிர் வந்தது. வழியிலேயே ஒரு பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அப்பா மட்டும் ஆட்டோவில் வெளியே பார்த்தபடி வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்லேன்னா, அப்ப இது என்ன பாப்பா?"

"கேஸ்னு சொன்னாருல்லப்பா" என்றேன். அந்தப் பதில் அவருக்குப் பத்தவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எனக்கும் பத்தவில்லை.

அந்த நெஞ்சுப் படபடப்பு மறுபடி மறுபடி வந்தது. மறுபடி ஈசிஜி, மறுபடி ஒன்றுமில்லை. அம்மா தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தாள். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். கோயிலில் கயிறு மந்திரித்து வாங்கிக் கட்டினாள். பக்கத்துத் தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் வீட்டு அம்மா, பள்ளிவாசலில் ஓதிய தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா எதற்கும் மறுக்கவில்லை. கட்டச் சொன்னால் கையை நீட்டினார், குடிக்கச் சொன்னால் குடித்தார். முன்பெல்லாம் இதையெல்லாம் கேலி செய்கிறவர் அவர். கேலி செய்ய மாட்டாரா என்று நான் ஏங்கும் அளவுக்கு யார் சொன்னாலும் கேட்கிறவராக அவர் ஆகியிருந்தார்.

ஷார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் வீடியோ காலில் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னார். போனில் அதைப் போட்டு அப்பா முன்னால் வைத்தேன். மூச்சைக் கவனியுங்கள் என்றது ஒரு குரல். கவனித்த கொஞ்ச நேரத்திலேயே அப்பாவுக்கு முகம் வெளுத்தது. "இதைக் கவனிச்சாதான் நின்னுடும்போல இருக்கு" என்று போனைத் தள்ளிவைத்தார்.

ஊரில் பேச்சு வேறு மாதிரி போனது. டிரைவருக்கு இப்படி ஆனால், வண்டியில் யாரோ அடிபட்டுச் செத்திருக்க வேண்டும், அதைத்தான் மறைக்கிறார் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ரேஷன் கடையில் ஒருத்தி அம்மாவிடம் நேராகவே கேட்டிருக்கிறாள், "உங்க வீட்டுக்காரர் வண்டியில யாரோ விழுந்துட்டாங்களாமே?" அம்மா பையோடு வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பா கூடத்தில் இருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

"அப்படி ஒண்ணு நடந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்" என்றார் அன்றைக்குச் சாயங்காலம், என்னிடம் மட்டும். "இதனாலதான்னு சொல்லிக்கலாம். எதுவுமே நடக்கலியே."

அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. வயிறும் இல்லை, நெஞ்சும் இல்லை, வேறு ஏதோ என்று அன்று புரிந்தது. பள்ளியில் கூட வேலை பார்க்கும் டீச்சரிடம் மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தஞ்சாவூரில் ஒரு மனநல மருத்துவர் இருக்கிறார், தன் தங்கைக்குப் பிள்ளை பிறந்த பிறகு அவரிடம்தான் காட்டினோம் என்றார். இதுவரை அவர் அதை யாரிடமும் சொன்னதில்லையாம்.

வீட்டில் சொன்னதும் அம்மா கதவைச் சாத்தினாள். "பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? நாளைக்கு வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்? உன் மாமியார் வீட்டுல என்ன சொல்வாங்க?" அப்பா மட்டும், "போய்த்தான் பாப்போமே" என்றார். அவர் குரலில் ஆசை எதுவும் இல்லை. ஆனாலும் அதைப் பிடித்துக்கொண்டு நான் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன்.

ஐப்பசி மழை. கார் பிடிக்கலாம் என்றேன். கதவைச் சாத்தினால் தாங்காது, பஸ் என்றால் பெரிய வண்டி, சமாளித்துவிடுவேன் என்று அவரே சொன்னார். வந்த வண்டியின் டிரைவர் அப்பாவிடம் வேலை பழகியவர். "அண்ணே, வாங்க வாங்க, முன்னாடி உக்காருங்க" என்று தனக்குப் பின்னாலிருந்த இருக்கையைக் காலி செய்து கொடுத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் அந்தக் கை கியரில் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன், பிடித்ததே இல்லை.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அங்கே கேட் போட்டால் சீக்கிரம் திறக்காது என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் பைக்குகள். டிரைவர் இன்ஜினை ஆஃப் செய்தார். மழைக்காக ஜன்னல் ஷட்டர்களை இறக்கியிருந்தார்கள். உள்ளே ஈரத்துணி வாடை.

அப்பாவின் விரல்கள் என் கையை நெரித்தன. "எறங்கணும்" என்றார்.

"கேட் இப்ப தெறந்துடும்பா."

"எறங்கணும் பாப்பா. செத்துருவேன்."

டிரைவர் திரும்பிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார். அப்பா மழையில் இறங்கி, நின்றுகொண்டிருந்த வண்டிகளுக்கு நடுவே வந்த வழியே நடந்தார். நான் குடையோடு பின்னால் ஓடினேன். பூட்டியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் மூச்சு வாங்கினார். பைக்கில் காத்திருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். ஒருவர், "தண்ணி அடிச்சிருக்காரா?" என்று கேட்டார். அப்பாவின் முதுகில் கை வைத்தபடி நின்றேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. சூத்திரம் மறந்துபோன பிள்ளைகள் போர்டுக்கு முன்னால் நிற்பார்களே, அப்படி நின்றேன்.

கேட் திறந்தது. எங்கள் பஸ் போனது. டிரைவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு அவர் பேசுவது மிகவும் குறைந்தது. சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார், வாய்க்குப் போகாது. நடவு முடிந்த வயலில் களை மண்டியது. "களை எடுக்க ஆளுக்குச் சொல்லட்டுமாப்பா?" என்று கேட்டால், என்னவோ அடுத்த ஊர் வயலைப் பற்றிக் கேட்டதுபோல் பார்ப்பார். ஒரு முறை மட்டும், "என்னால உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா" என்றேன். சொல்லி முடித்ததும்தான், ஆஸ்பத்திரியில் சொன்ன அதே வார்த்தையை நானும் சொல்கிறேன் என்று உறைத்தது.

ஒரு நாள் பள்ளி விட்டதும் எல்லோரும் போன பிறகு வகுப்பறையிலேயே உட்கார்ந்து, அரசின் இலவச மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஒரு பெண். அப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க மதியம் சாப்பிட்டீங்களாம்மா?" என்றார். சாப்பிட்டிருக்கவில்லை. அதுவரை அடக்கிவைத்திருந்த அழுகை வந்துவிட்டது. அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில், தஞ்சாவூர்வரை போக முடியாவிட்டால் பரவாயில்லை, வாரம் ஒரு நாள் தாலுக்கா ஆஸ்பத்திரிக்கே மனநல மருத்துவர் வருவார், எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு போங்கள் என்றார். அப்படி ஒன்று இருப்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.

என் ஸ்கூட்டியில் போவது என்று முடிவு செய்தோம். "கதவு கிடையாதுப்பா. எங்க வேணும்னாலும் சொல்லுங்க, நிறுத்திடறேன்" என்றேன். வழியில் பல தடவை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு முறையும் இறங்கி, கொஞ்ச தூரம் வரப்புப் பக்கம் நடந்துவிட்டு வந்து ஏறிக்கொண்டார்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களின் வரிசைக்குப் பக்கத்தில்தான் அந்த அறை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வரிசையில் நின்று அப்பாவைப் பார்த்தார், பிறகு அறைக்கு மேலே இருந்த போர்டைப் பார்த்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

டாக்டர் சின்னப் பெண். என்னைவிட இளையவராக இருப்பார். வெளியே அத்தனை கூட்டம் இருந்தும், நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு நேராகப் போட்டுக்கொண்டார்.

"சொல்லுங்கய்யா. என்ன செய்யுது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். தூக்கம், சாப்பாடு, பஸ், கேட், எல்லாம். டாக்டர் கேட்டுக்கொண்டே அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் அவரிடம் கேட்டார்.

"அய்யா, உயிரோட இருக்க வேணாம்னு எப்பவாவது தோணியிருக்கா?"

இப்படியெல்லாமா கேட்பார்கள் என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடாதா என்று பயந்தேன். அப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"தோணியிருக்கு."

"அடிக்கடியா?"

"இப்ப தெனமும்."

டாக்டர் மேற்கொண்டு கேட்டதையும் அப்பா சொன்னதையும் நான் இங்கே எழுத மாட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டேன் என்பது மட்டும் போதும். ஒரே வீட்டில், ஒரே கூரையின் கீழ், தினமும் என்னிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு அவர் அந்த எண்ணத்தோடு இருந்திருக்கிறார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்லி முடித்ததும் அப்பாவின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அதையும் பார்த்தேன்.

"இது மனச்சோர்வு. கூடவே பதட்ட நோயும் இருக்கு" என்றார் டாக்டர். "நீங்க பலவீனமானவர்னு அர்த்தம் இல்ல. மருந்து இருக்கு. ஆனா இன்னைக்குப் போட்டா நாளைக்குக் கேட்காது. வாரக்கணக்கா ஆகும். மொதல்ல கொஞ்சம் கஷ்டமாக்கூட இருக்கலாம். அதுவரைக்கும் அவரைத் தனியா விடாதீங்க. இந்த எண்ணம் அதிகமாச்சுன்னா கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காதீங்க, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

"ஏன் டாக்டர் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"சில பேருக்குக் காரணம் தெரியும். இவருக்கு இப்பத் தெரியல. காரணம் தெரிஞ்சாத்தான் வைத்தியம்னு இல்லம்மா."

வீட்டில் விஷம் மாதிரி எதுவும் இருக்கக் கூடாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். சாகுபடிக்காரர் வீட்டில் அது இல்லாமல் இருக்குமா? அன்று சாயங்காலம் அம்மாவைக் கொல்லைக்கு அழைத்துப்போய், அப்பா டாக்டரிடம் சொன்னதைச் சொன்னேன். அம்மா அழவில்லை. கொட்டகைக்குள் போய், வயலுக்கு அடிக்கிற மருந்து டப்பாக்களையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிப்போட்டு, என்னை ஒரு பக்கம் பிடிக்கச் சொன்னாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய் மளிகைக்கடை பாயின் குடோனில் வைத்துப் பூட்டச் சொன்னோம். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "நான் தெனமும் சாயங்காலம் வந்து கொஞ்ச நேரம் அவரோட உக்காந்திருக்கேன்" என்றார். அன்றிலிருந்து வந்து உட்கார்ந்தார்.

மாத்திரை போட ஆரம்பித்ததும் அப்பாவுக்கு வாய் உலர்ந்தது, கை லேசாக நடுங்கியது, பகலெல்லாம் தூங்கி வழிந்தார். அம்மாவால் அதைப் பார்க்க முடியவில்லை. இது தூக்க மாத்திரை, பழகிவிட்டால் விட முடியாது என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் தெளிவு வந்த சமயத்தில் எனக்குத் தெரியாமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்திருக்கிறாள். பிறகு அதையும் நிறுத்தியிருக்கிறாள். மார்கழியில் அப்பா மறுபடி படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

"நீயா டாக்டர்?" என்று அம்மாவிடம் கத்தினேன்.

"அவரு அவராவே இல்லடி" என்றாள் அம்மா. "மரக்கட்டை மாதிரி கெடந்தா நான் என்ன செய்ய? அவரு என்னைத் திட்டினாக்கூடப் போதும்னு இருக்கு எனக்கு."

அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. மறுபடி ஸ்கூட்டி, மறுபடி அந்த வரிசை. இந்த முறை அம்மாவையும் ஆட்டோவில் வரச் சொன்னேன். டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்து, எதற்காக நிறுத்தக் கூடாது என்று அவளுக்கே நேராக விளக்கினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "பழைய மாதிரி ஆயிடுவாருங்களா?" என்று கேட்டாள். "நல்லாயிடுவார். கொஞ்சம் கொஞ்சமா" என்றார் டாக்டர். பழைய மாதிரி என்று அவர் சொல்லவில்லை. அம்மா அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை. நான் கவனித்தேன்.

தை மாதம் அறுவடை மெஷின் வந்தபோது, அந்தச் சத்தம் ஆகவில்லை என்று அப்பா உள்ளறைக்குப் போய்விட்டார். நானும் அம்மாவும்தான் களத்துமேட்டில் நின்று நெல்லைத் தூற்றி மூட்டை பிடித்தோம். களையால் விளைச்சல் பாதிதான். ஆனால் அன்று மதியம் அப்பா தட்டில் இரண்டாம் தடவை ரசம் கேட்டார். அம்மா ஊற்றிவிட்டு அடுப்படிக்குள் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நல்ல நாள் வரும். அடுத்து எதுவும் சொல்லாமலே மோசமான நாள் வரும். மாத்திரை ஸ்டாக் இல்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள், மெடிக்கல் மெடிக்கலாக அலைந்து வாங்கினேன். ஒரு நாள் அவரே ஷேவ் செய்துகொண்டார். அடுத்த வாரம் குளிக்கவே எழவில்லை. எது எதனால் என்று கணக்குப் போட்டுப் பார்த்து அலுத்துவிட்டேன். கணக்கு டீச்சர்தான், ஆனாலும் விடை வரவில்லை.

போன சித்திரையில் அந்த டாக்டருக்கு மாறுதல் ஆகிவிட்டது. எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. உள்ளே போனால் வேறொருவர், நடு வயதுக்காரர், முகத்தில் களைப்போடு உட்கார்ந்திருந்தார். பழைய சீட்டைப் புரட்டிவிட்டு அதை ஓரமாக வைத்தார்.

"ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க. என்ன செய்யுது உங்களுக்கு?"

அத்தனையையும் மறுபடி முதலிலிருந்தா என்று எனக்கு உடம்பு சோர்ந்துபோனது. அப்பா என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு அன்று வாய் வரவில்லை. கையிலிருந்த ஸ்கூட்டி சாவியைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தேன்.

வெளியே மாத்திரை வரிசையில் யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"பயமா இருக்குங்க" என்றார். "எதுக்குன்னு கேக்காதீங்க, தெரியல. பயமா இருக்கு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அப்பா மேலே சொல்ல ஆரம்பித்தார்.